ரோபோ திரும்பச் செய்த சோதனை

காயத்தில் ஒட்டாத கட்டுத்துணிக்குப் பூச்சுக் கலவை தேடுவதுதான் ராஜபாளையத்தில் எங்கள் சின்ன ஆய்வுக்கூடத்தின் வேலை. கலவையைத் துணியில் தடவி, ஓவனில் காயவைத்து, காயத்துக்குப் பதிலாக ஈரமான ஜெலட்டின் மேல் ஒட்டி உரித்துப் பார்ப்போம். நானும், செட்டியார்பட்டியிலிருந்து வரும் அக்கா ஒருவரும் பல வருடங்களாக இதைக் கையால்தான் செய்துவந்தோம்.

போன வருடம் ஒரு ரோபோ கை வந்தது. அடுத்து எதைச் சோதிப்பது என்று ஏஐ முடிவு செய்யும். கை அதைச் செய்யும். அதற்காக எங்கள் பழைய நோட்டுகளையெல்லாம் நான் கம்ப்யூட்டரில் ஏற்றினேன்.

"இனி நமக்கு இங்க என்ன வேல?" என்றார் அக்கா. எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

முதல் நாள் திரையில் வந்த பட்டியலில் முதலில் நின்றது, மூன்று வருடம் முன்பு நான் 'தோல்வி' என்று எழுதிய கலவை.

"இத மாதிரி உள்ள மத்த கலவையெல்லாம் நல்லா வந்திருக்கு. இது மட்டும் எப்படித் தோத்துச்சுன்னு ஏஐக்குச் சந்தேகம்" என்றார் ஆய்வுக்கூடத்தை நடத்தும் எங்கள் விஞ்ஞானி.

எப்படி என்று எனக்குத் தெரியும். அது அக்கா யோசித்துச் சொன்ன கலவை. அதைச் சோதித்த அன்று, என் மகளுக்குக் காய்ச்சல் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டிலிருந்து போன். ஒரு மணி நேரம் காய வேண்டிய துணியை அரை மணியில் எடுத்து உரித்தேன், ஒட்டிக்கொண்டது. நோட்டில் 'ஒரு மணி நேரம்' என்று எழுதிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அதற்குப் பிறகு அக்கா எந்த யோசனையும் சொன்னதில்லை.

ரோபோ கை முழு நேரமும் காயவைத்து எடுத்தது. துணி சுத்தமாக உரிந்து வந்தது.

விஞ்ஞானியிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டவில்லை, நோட்டில் திருத்தி எழுதச் சொன்னார். அக்காவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் ஒருவழியாகச் சொன்னேன்.

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுல்ல இருந்துட்டேன், ஏட்டி. பிள்ளைக்கு முடியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே இருந்து பாத்திருப்பேனே."

"தப்புதான்க்கா" என்றேன். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு தாளை நீட்டினார். அதில் நான்கு கலவைகள் இருந்தன.

"இம்புட்டு நாளும் மனசுக்குள்ளயே வச்சிருந்தேன். இதையும் அதுல ஏத்து."

அதில் மூன்று தேறவில்லை. அக்கா அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, ஏன் தேறவில்லை என்று திரையைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தார்.