தொடக்கூடாத பாத்தி

விரலை மண்ணுக்குள் விட்டதும் ஏதோ நசுங்கியது. வெளியே எடுத்து முகர்ந்து பார்த்தார். அழுகிய உருளைக்கிழங்கின் நாற்றம். பக்கத்தில் தோண்டினார். அங்கேயும் அதே கூழ். முழங்கைவரை சேறாக்கிக்கொண்டு பாத்தியின் மறுகோடிவரை தேடியும் கெட்டியாக ஒரு கிழங்குகூட அகப்படவில்லை.

அவர் பம்பு ரிப்பேர் செய்கிறவர். தெருவில் அவர் பெயரே பம்பு. ஓடும் மோட்டாரின் மேல் காதை வைத்துக் கேட்டுக் கோளாறைச் சொல்லிவிடுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "நமக்கு ஏர்லாக். குழாய்ல காத்து அடைச்சுக்கிட்டா எதுவும் மேல ஏறாது" என்பார்.

தோட்டம் அண்ணனுடையது. அண்ணன் போன வருஷம் இறந்துபோனார். பாத்தியில் இருந்தது அனிமோன் என்ற பூச்செடி, எல்லோரும் அதை ஒரு பருவத்துக்கு வைப்பார்கள். பூத்து முடிந்ததும் பிடுங்கி எறிந்துவிட்டு மறுவருஷம் புதுக்கிழங்கு வாங்குவார்கள். அண்ணன் எறிந்ததில்லை. இலை மஞ்சளாகி உதிர்ந்ததும் பாத்தியை அப்படியே விட்டுவிடுவார். வெயில்காலம் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. கிழங்கு மண்ணுக்குள் தூங்கும். குளிர் தொடங்கும்போதுதான் முதல் நனைப்பு. கொத்துமல்லி போல இலை வரும், பிறகு நடுவில் கறுப்புக் கண் வைத்த சிவப்புப் பூக்கள், வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கூடுதலாக.

இந்த விவரமெல்லாம் தம்பிக்குத் தெரியாது. காய்ந்து சுருங்கிய அந்தக் கிழங்கை அண்ணன் வாங்கி வந்த அன்று கேலி செய்ததோடு சரி. "ஆட்டுப் புழுக்கையப் போய் யாராவது காசு குடுத்து வாங்குவாங்களாண்ணே?"

அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரே ஒருமுறைதான் போனார். மூக்கில் குழாயோடு அண்ணனைப் பார்க்க முடியவில்லை. அப்புறம் அண்ணி ஃபோன் செய்யும்போதெல்லாம், "ஒரு அவசர மோட்டார் அண்ணி, நாளைக்கு வந்துடறேன்" என்றார். அந்த மோட்டார்களில் பாதி, உலகத்திலேயே இல்லாதவை.

சாவுக்குப் பிறகு அவரை அந்த வீட்டிலிருந்து கிளப்ப முடியவில்லை. ஒழுகாத குழாய்க்கு வாஷர் மாற்றினார். கிரீச்சிடாத கதவுக்கு எண்ணெய் விட்டார்.

மகளின் பிரசவத்துக்குக் கிளம்பும்போது அண்ணி சொல்லிவிட்டுப் போனாள். "ரோஜாவுக்கும் எலுமிச்சைக்கும் ஊத்தினா போதும் தம்பி. உங்கண்ணன் பாத்திய மட்டும் தொடாதீங்க."

ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப்பார்க்காதவனுக்கு அந்தப் பாத்தியில் என்ன வேலை என்று அவள் கேட்டதாகத்தான் அவர் காதில் விழுந்தது. மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. இந்தத் தடவையாவது கைவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டு, சாயங்காலம் தவறாமல் குழாயைத் திருப்பிவிட்டார்.

இப்போது சேற்றைக் கழுவிக்கொண்டு நர்சரிக்குப் போனார். அங்கே இருந்த அம்மாள் நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"தூங்கறவன எழுப்பித் தண்ணி குடுத்தாலும் பரவாயில்ல. நீங்க தூக்கத்துலயே முக்கியிருக்கீங்க. சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்த கதைதான்."

"இதே மாதிரி சிவப்பு கெடைக்குமா?"

"செவப்பு கெடைக்கும். அதே செவப்புன்னு நான் எப்பிடிச் சொல்ல?"

வாங்கி வந்தார். ஊறவைத்தார். அழுகலை எல்லாம் வாரிக் கொட்டிவிட்டு, மணல் கலந்து, அண்ணன் நட்ட அதே வரிசையில் நட்டார். யாருக்கும் தெரியப்போவதில்லை.

மறுவாரம் அண்ணி வந்தாள். பையைக் கூடத்தில் வைத்துவிட்டு நேராகப் பின்கட்டுக்குப் போனாள். பின்னாலேயே அவரும் போனார்.

"மண்ணு நெகிழ்ந்திருக்கே தம்பி. மழையா?"

"ஆமா அண்ணி."

அவள் குனிந்தாள்.

"இல்ல அண்ணி. நான்தான் ஊத்தினேன். தினமும்."

"தொடாதீங்கன்னு சொன்னேனே."

"சொன்னீங்க. வெடிச்சுக் கெடந்துச்சு. அதப் பாத்துட்டு சும்மா இருக்க முடியல."

அண்ணி நிமிர்ந்தாள். குரல் உயரவில்லை.

"அவரு கெடந்தப்ப சும்மா இருக்க முடிஞ்சுதே."

அவர் பாத்தியைக் காட்டினார்.

"எல்லாம் அழுகிடுச்சு. வேற வாங்கி வச்சிருக்கேன். அதே சிவப்புதான்."

"எடுத்துருங்க."

"அண்ணி..."

"அவரு வச்சதுன்னு தினம் என்னால பொய்யாப் பாத்துட்டு இருக்க முடியாது. எடுத்துருங்க தம்பி."

மண்டியிட்டு ஒவ்வொன்றாகத் தோண்டினார். சில கிழங்குகளில் வெள்ளையாக முளை விட்டிருந்தது. உடையாமல் எடுக்க நேரமாயிற்று. முடியும்வரை அவள் அங்கேயே நின்றாள். பிறகு கைகழுவ வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

மறுநாள் காலை ஒரு பள்ளிக்கூடத்தில் மோட்டாரைப் பிரித்து சீல் மாற்றினார். மத்தியானம் கடையில் சாப்பிட்டார். இன்னொரு மோட்டாரில் கம்பிச் சுருள் எரிந்திருந்தது, திரும்பச் சுற்றுவதற்கு அனுப்பினார். சாயங்காலம் அண்ணி வீட்டுக்குப் போனார். அவள் கதவைத் திறந்து, பேத்தியின் படங்களை ஃபோனில் காட்டினாள். பின்கதவு சாத்தியிருந்தது. கிளம்பும்போது, மாடியில் தண்ணீர் மெதுவாக வருகிறது என்றாள். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார்.