ரிப்பன் வெட்டாத எட்டுக் கணினிகள்

எங்கள் நூலகத்தில் புத்தகம் அடுக்குகிற அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால், பொறுப்பாளர் வந்து குறுக்கே நிற்கிறார். என்ன செய்ய, இருபத்திரண்டு வருடமாக அக்காவின் பிழைப்பே அப்படித்தான். அவர் வேலை செய்வார், இன்னொருவர் பேர் வாங்குவார்.

நான் ஓய்வு பெற்ற தபால்காரன். காலையில் செய்தித்தாள் படிக்கப் போனால் மதியம்தான் வீடு திரும்புவேன், அதில் வீட்டிலிருப்பவளுக்கும் நிம்மதி. வயதில் எனக்குச் சின்னவர்தான் என்றாலும் நூலகத்துக்கே அவர் அக்கா. இன்றுவரை ஒப்பந்த ஊழியர்தான். கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர். ஒரே மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டார். புத்தகத்தின் பேரை அரைகுறையாகச் சொன்னாலும் அக்கா நேராகப் போய் எடுத்து வருவார். சத்தமாகப் பேசுகிறவனை ஒரு பார்வை பார்ப்பார், அவன் கப்சிப்.

போன வருடம் எட்டுக் கணினிகள் வந்து இறங்கின. 'மின்வழிக் கற்றல் மையம்' என்று வாசலில் பலகை மாட்டினார்கள். நர்சிங் உதவியாளர் தேர்வு முதல் வங்கித் தேர்வு வரை எல்லாவற்றுக்கும் மாதிரித் தேர்வுகள் அதில் உண்டு. உறுப்பினர் அட்டை ஒன்றுக்கு மாதம் பத்துத் தேர்வு இலவசம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மேலதிகாரி வந்து ரிப்பன் வெட்டும்வரை யாரும் தொடக் கூடாதாம். எட்டுக்கும் துணி போர்த்தி, சுற்றிலும் கயிறு கட்டினார் பொறுப்பாளர். எதிர்ப் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிவந்தபோது, "தூரத்துல நின்னு பாத்துட்டுப் போங்க டீச்சர்" என்றார். அந்த அம்மாளும் துணி போர்த்திய எட்டு மூட்டைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுப் போனார். கொடுமை!

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டித் துடைக்கிற பெண் வந்தாள். நர்சிங் உதவியாளர் தேர்வு எழுதப்போகிறாள். வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது. விட்டால் ஆயுசுக்கும் துடைப்பம்தான்.

"இன்னும் நாலு வாரம் இருக்கு சார். ஒரு ஓரமா உக்காந்து பழகிக்கிறேனே."

"திறப்பு விழா முடியட்டும்மா. எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்குல்ல?"

முறையாம், மண்ணாங்கட்டி. மேலதிகாரி மூன்று வாரம் கழித்து வந்தார், ரிப்பனை வெட்டினார், போட்டோ எடுத்துக்கொண்டார், போய்விட்டார். அதற்கடுத்த இரண்டு நாள் அவளுக்கு வார்டில் இரட்டை வேலை. மூன்றாம் நாள் ஓடிவந்தாள். தேர்வுக்கு நாலே நாள். விழா முடிந்தும் போர்த்தியே கிடந்த துணியை அக்காதான் எடுத்து, கணினியைப் போட்டு, அவளை உட்கார வைத்தார். அட்டை எண்ணை அடித்ததும் திரையில் வந்தது: 'இந்த மாதத்தின் பத்துத் தேர்வுகளையும் எழுதிவிட்டீர்கள்.' கீழே மதிப்பெண் பட்டியல். பத்திலும் பூஜ்யம்.

"நான் இன்னிக்குத்தானேக்கா உக்காந்தேன்" என்று அவள் திரையைக் காட்டினாள்.

பொறுப்பாளர் எட்டிப் பார்த்தார். "பத்துலயும் சைபரா? இன்னும் நல்லாப் படிக்கணும்மா" என்றார். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

அக்கா தன் அட்டை எண்ணை அடித்துப் பார்த்தார். அதிலும் பத்து, அதிலும் பூஜ்யம். என் அட்டையைக் கேட்டு வாங்கினார். அறுபத்தாறு வயதுத் தபால்காரன் நான், ஒரே மாதத்தில் பத்துத் தடவை பிரசவம் பார்க்கும் பாடத்தில் தேர்வெழுதித் தோற்றிருக்கிறேன்! படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். எல்லார் அட்டையும் காலி. பட்டியலில் நேரத்தைப் பார்த்தால், எல்லாத் தேர்வும் காலை ஒன்பதிலிருந்து ஒன்பதரைக்குள், நூலகக் கதவு திறப்பதற்கு முன்னால். அட்டை எண்ணே கடவுச்சொல் என்பதால் பொறுப்பாளருக்குச் சிரமமே இருந்திருக்காது. உள்ளே நுழைவது, தேர்வைத் திறப்பது, மூடுவது, அடுத்த அட்டை. ரிப்பன் வெட்டாத இடத்தில் படிப்பு மட்டும் அமோகமாக நடந்திருக்கிறது.

"தலைமையகத்துல தினமும் தேர்வு எண்ணிக்கை கேக்கறாங்க. நான் என்ன பண்றது?" என்று முணுமுணுத்தார் பொறுப்பாளர். "நம்ம கிளைதான் இப்ப முதலிடம், தெரியுமா?"

"உங்க கணக்குல தேர்வு மிச்சம் இருக்கா சார்?" என்றார் அக்கா.

ஊழியர் கணக்கு எண்ணிக்கையில் சேராது. அதனால் அதை மட்டும் அவர் தொடவில்லை.

"அது அதிகாரபூர்வமானது. அடுத்தவங்களுக்குக் குடுக்கக் கூடாது."

"எங்க அட்டையெல்லாம் யாருது சார்?"

அக்கா குரலை உயர்த்தவே இல்லை. கையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றார். சுற்றி இருபது பேர். மனிதர் ஒரு துண்டுக் காகிதத்தில் எண்ணை எழுதிக் கொடுத்தார்.

நாலு நாளும் மதியம் அக்கா சாப்பாட்டை மறந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். தப்பான விடைக்கெல்லாம் அடுக்கிலிருந்து புத்தகம் எடுத்துப் பக்கத்தைப் பிரித்து வைத்தார். முதல் தேர்வில் முப்பத்தொன்று. ஐந்தாவதில் நாற்பத்தைந்து. பத்தாவதில் ஐம்பத்தாறு. தேற அறுபது வேண்டும். "ஏறிட்டே வருதுடி, பயப்படாதே" என்று அக்கா அவள் முதுகைத் தட்டினார். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

முடிவு வந்த அன்று நூலகத்தில் கூட்டம். எண்ணிக்கையில் முதலிடம் பிடித்ததற்காகப் பாராட்டுப் பத்திரம் வந்திருந்தது. அதைச் சுவரில் மாட்ட நாற்காலி மேல் ஏறியிருந்தார் பொறுப்பாளர். அந்தப் பெண் வந்து வாசலிலேயே நின்றாள்.

"ஐம்பத்தேழுக்கா" என்றாள். "மூணு மார்க்குல போச்சு."

அழவில்லை. ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அக்கா அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து அண்ணாந்து பார்த்தார்.

"அந்த மூணு மார்க்கையும் அதுலயே எழுதி மாட்டுங்க சார்" என்றார்.