அக்காவின் தட்டை எட்டிப் பார்த்தவர்கள்

கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்ந்து இளகும் உளுந்தங்களியின் வாசனை வந்தாலே எனக்கு இன்றும் குமட்டும். பெரம்பலூரில் எங்கள் அக்கா மலர்க்கொடி வயதுக்கு வந்த மாதம் முழுக்க அந்தக் களியைக் கிண்டிக் கிண்டி அவள் வாயில் அடைத்தார்கள். அவள் முகத்தைத் திருப்பினால், "இடுப்பு பலப்படணும்டி, முழுங்கு" என்று தாடையைப் பிடித்துத் திருப்புவாள், செந்துறையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை.

அக்கா பத்தாம் வகுப்புக்குப் போனதும் அதே வாய் வேறு பாட்டுப் பாடியது. "சோத்தக் கொறைடி, இப்புடி 'பூசணிக்கா' மாரி இருந்தா எவன் கட்டிப்பான்?" என்று அத்தை கேட்க, அப்பா ரசித்துச் சிரிப்பார். வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் முன்னால், "மூட்ட அரிசி எறக்குனாலும் இவளுக்கே பத்தாது சார்" என்று தன் மகளை வைத்தே வேடிக்கை காட்டுவார். சொந்தமாக ஒரு நல்ல நகைச்சுவை சொல்லத் தெரியாத மனிதருக்கு அக்காவின் தட்டுதான் அகப்பட்டது.

அக்கா குறைத்தாள். முதலில் இரவுச் சோறு, பிறகு காலை இட்லி, அப்புறம் பள்ளிக்கூட டிபன் பாக்ஸில் இருந்ததெல்லாம் வாசல் நாய்க்கு. சில மத்தியானங்களில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, சட்டியில் ஆறிக் கிடந்த சோற்றையும் குழம்பையும் அள்ளி அள்ளித் தின்றுவிட்டு, கொல்லைப்புறம் போய் விரலை விட்டு வாந்தி எடுப்பாள். நான் அப்போது சின்னப் பெண்; அவளுக்கு வயிறு சரியில்லை என்றே நினைத்தேன். பெரியவர்களுக்கோ அவளைப் பார்க்கப் பார்க்கப் பூரிப்பு. "இப்பதான் பொண்ணு லட்சணமா இருக்கா" என்று அத்தை திருஷ்டி கழித்தாள். பட்டினி கிடந்த பிள்ளையை மெச்சிவிட்டு, கையோடு உட்கார்ந்து இரண்டாம் தடவை சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டாள்.

அக்காவின் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, மாதவிலக்கு நின்றது. அது தெரிந்ததும் அத்தை அம்மாவைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தி, "எவன் கூடயாச்சும் பழக்கமா, கேட்டியா?" என்றாள். கதவுக்கு வெளியே அக்கா நின்றிருந்தாள். கன்னம் ஒட்டிக் கண் குழிந்து நின்ற பெண்ணைப் பார்த்து இந்தச் சந்தேகம் வரவேண்டுமென்றால் மனம் எவ்வளவு அழுகியிருக்க வேண்டும்! மறுநாளே ஒரு மந்திரித்த கயிற்றைக் கொண்டுவந்து அக்காவின் கையில் கட்டினாள் அத்தை. மணிக்கட்டு மெலிந்திருந்ததால் கயிறு நிற்காமல் நழுவியது.

அக்கா ஒருநாள் பள்ளிப் பிரார்த்தனையில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் இருந்த பெண் டாக்டர் அவள் கட்டிலில் உட்கார்ந்து, "சோத்தப் பாத்தா பயமா இருக்காம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு அக்கா உடைந்து அழுதாள்.

"சோத்தப் பாத்துப் பயப்பட அது என்ன பாம்பா?" என்றார் அப்பா.

"நீங்க செத்த வெளிய இருங்க சார்" என்ற டாக்டர், இது திமிரும் இல்லை, பேயும் இல்லை, மனசுக்கு வந்த நோய் என்று அம்மாவிடம் விளக்கினார். திருச்சியில் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். வீட்டில் ஒருவர் தினமும் அவளோடு உட்கார்ந்து, அளவைப் பற்றிப் பேசாமல், சேர்ந்து சாப்பிட வேண்டும் என்றார்.

எங்கள் அம்மா யாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டவள் இல்லை. எல்லோரும் எழுந்த பிறகு, மிச்சத்தை வழித்து நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று அவள் இரண்டு தட்டு வைத்து, அக்காவின் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கூடத்திலிருந்து, "ரசம் எங்கடி?" என்று அப்பா கத்தினார்.

"அடுப்பு மேல இருக்குங்க. ஊத்திக்குங்க" என்றாள் அம்மா, எழுந்திருக்காமல். அப்பா எழுந்துபோய்க் கரண்டி எங்கே இருக்கிறதென்று தெரியாமல் பாத்திரங்களை உருட்டினார். அக்கா ஒரு பிடி சோற்றைப் பிசைந்துகொண்டே வெகுநேரம் இருந்தாள். அம்மா அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அக்கா அந்தப் பிடியைச் சாப்பிட்டாள்.

அன்றோடு குணமாகிவிடவில்லை. திருச்சிக்கும் வீட்டுக்குமாக அம்மாவும் அக்காவும் பஸ்ஸில் அலைந்தார்கள். தேறியதும், பழையபடி தட்டைத் தள்ளியதும், மறுபடி தேறியதுமாக வருஷங்கள் போயின.

அக்கா இப்போது அரியலூரில் கணவன், மகளோடு இருக்கிறாள். பேச்சு வந்தால், "நான் கட்டுன கயித்துலதான் பொழச்சா" என்கிறாள் அத்தை, கூச்சமே இல்லாமல். அப்பாவுக்கு அப்படியொன்று நடந்ததே நினைவில்லையாம். மறதியைப் போல வசதியான நோய் வேறில்லை. கல்யாணப் பந்திகளில் இப்போதெல்லாம் யாரும் "சோத்தக் கொறை" என்று சொல்வதில்லை. "டயட்" என்று நாகரிகமாகச் சொல்லி, அடுத்த வீட்டுப் பெண்ணின் இலையை அதே கண்ணால் எட்டிப் பார்க்கிறார்கள்.

அக்கா மூன்று வேளையும் சாப்பிடுகிறாள், கடிகாரத்தைப் பார்த்து. டாக்டர் அப்படித்தான் பழக்கினார். போன மாதம் அவள் வீட்டில் இருந்தபோது, அவள் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து, பையை வீசிவிட்டு, "அம்மா, பசிக்குது!" என்று கத்தினாள். அக்கா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அது எப்புடி இருக்கும்னே எனக்கு மறந்துபோச்சுடி" என்றாள்.