விலை இல்லாத நாள்

"இன்னா துளசிங்கண்ணா, நேத்து நண்டு வெல ஏறிச்சே, இன்னிக்கு ஏறுமா, எறங்குமா? கரெக்டா சொல்லு, டீ என் கணக்கு" என்று கேட்டபடியே ஏலக் கூட்டத்துக்குள் நுழைகிறார் செசிலியா டீச்சர். பொன்னேரி பஸ் வருவதற்குள் இந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது. ஏலம் கூறும் துளசிங்கம் பல வருஷமாக நண்டு விற்கிறவர். அவரே பாதி நாள் தப்பாகத்தான் சொல்கிறார். தப்பாகிப் போனால் டீச்சருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "பாத்தியா, உனக்கே தெரில!" என்று சிரித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவார்.

லைட்ஹவுஸ் குப்பத்தைத் தாண்டி ஒரு சின்னக் குப்பம் அவருடைய ஊர். பொன்னேரியில் ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறார், தற்காலிக வேலை. மடிக்கணினியை மீன் கட்டும் பிளாஸ்டிக் கவரில் சுற்றித்தான் எடுத்துப் போவார். ஆசிரியர் அறையில் அவர் அதைப் பிரிக்கும்போது ஒருவர் மெதுவாக ஜன்னலைத் திறப்பது வழக்கம். "இன்னா பண்றது, எங்க ஊரு உப்புக்காத்து இதத் தின்னுடும்" என்பார், கூச்சமே இல்லாமல்.

நம் நாட்டுப் பங்குச் சந்தை இத்தனை ஆண்டுகளில் எவ்வளவு விழிப்படைந்திருக்கிறது என்று அளப்பது அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. ஒரு சேதி வந்ததும் அன்றைக்கே விலையில் ஏறிவிட்டால் சந்தை விழித்திருக்கிறது என்று பொருள். அப்போது நேற்றைய விலையை வைத்து இன்றைய விலையை யாராலும் சொல்ல முடியாது. சேதி இரண்டு மூன்று நாள் கழித்து ஆடி அசைந்து ஏறினால் சந்தை தூங்கி வழிகிறது. நேற்றைப் பார்த்தே இன்றைச் சொல்லிவிடலாம். ஆண்டுக்கு ஆண்டு அந்தத் தூக்கத்தை அளந்து ஒரு கோடாக வரைந்து வந்தார். குப்பத்தில் இதெல்லாம் யாருக்கு வேண்டும்? "டீச்சர், எந்த ஷேர் வாங்கலாம்?" என்றுதான் கேட்பார்கள். "தெரியாது. யாருக்கும் தெரியாதுன்றதுதான் என் படிப்பே" என்பார். "இதுக்கா ஏழு வருசம்?" என்று ஊரார் முன்னால் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார் கணவர் பெலிக்ஸ்.

தாழ்வாகவே போன அந்தக் கோடு ஓரிடத்தில் மட்டும் மேடாக எழுந்தது. சின்னக் கம்பெனிகளின் பங்குகள் சில ஆண்டுகள் நன்றாகத் தூங்கியிருக்கின்றன என்று அதற்கு அர்த்தம். இதற்கு முன் யாரும் காட்டாத மேடு. வழிகாட்டியான பேராசிரியர் வீரராகவன் துள்ளிக் குதிக்காத குறை. மேடு இருந்தால் பட்டம். பட்டம் கிடைத்தால் நிரந்தர வேலை. பல்கலைக்கழகம் கொடுத்திருந்த கடைசி அவகாசமும் அந்த மாதத்தோடு முடிகிறது. ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் நடக்கும் கருத்தரங்கை ஒரு திங்கட்கிழமைக்கு வைத்தார்கள்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை குப்பத்தில் குப்பம்மாள் என்ற மூதாட்டி இறந்துபோனார். சாவு விழுந்தால் அங்கே ஏலம் கிடையாது. துக்க வீடு இருக்கும்போது விலை கூவுவது அழகில்லை என்று யார் வைத்த வழக்கமோ, பெட்டியில் இருக்கும் நண்டெல்லாம் நேற்றைய விலைக்கே போகும். எளாவூரிலிருந்து புதிதாக வந்த வியாபாரி ஒருவர் விவரம் தெரியாமல், மாலையோடு போய்க்கொண்டிருந்த செசிலியாவை நிறுத்தினார்.

"இன்னிக்கு இன்னா ரேட்டும்மா?"

"இன்னிக்கு ரேட்டே இல்லண்ணா. நேத்து ரேட்டத்தான் போட்டுக்குனு கீறாங்க."

சொன்ன மாத்திரத்தில் அவருக்குச் சுருக்கென்றது.

சின்னக் கம்பெனிப் பங்குகளை யாரும் வாங்காத, விற்காத நாட்கள் ஏராளம். அந்த நாட்களுக்கு விலையே இல்லை. காலியாகக் கிடந்த கட்டங்களில் எல்லாம் செசிலியா நேற்றைய விலையைப் போட்டு நிரப்பியிருந்தார். அது தப்பென்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஏலம் இல்லாத நாளின் விலை நேற்றைய விலைதான் என்பது பிறந்ததிலிருந்து அவர் கண்ட நடைமுறை. சேதி விலையில் ஏறாமல் ஒரு நாள் நின்று, மறுநாள் ஏறியதுபோலக் கணக்கு காட்டியது அதனால்தானோ?

மாலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவர், விற்பனை நடக்காத நாட்களை எடுத்துவிட்டு மறுபடி கணக்குப் போட்டார். மேடு போன இடம் தெரியவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். செத்துப்போனவருக்காக அழுகிறார் என்று நினைத்து பெலிக்ஸ் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை வழிகாட்டியிடம் போனில் சொன்னார். அவர் கெட்ட மனிதர் இல்லை. மாணவியின் ஏழு வருஷம் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. "நாளைக்கு ஒரு நாள் முடியட்டும்மா, அப்புறம் பார்த்துக்கலாம். இதையெல்லாம் யாரும் கேட்க மாட்டாங்க."

"நான் கேட்டுட்டேனே சார்."

"உன் இஷ்டம்மா" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

கருத்தரங்கில் திரையில் மேட்டோடு அந்தப் பழைய படம் வந்ததும், வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "ரொம்பப் பிரமாதம். இந்த மேடுதான் உங்க கண்டுபிடிப்பு, இல்லையா?"

அத்தனை பேர் முன்னால் தன் ஏழு வருஷத்தைத் தானே கவிழ்க்க எத்தனை பேருக்கு மனசு வரும்? செசிலியா மேஜையை விட்டுத் திரைக்கு நடந்தார். எக்கி, அந்த மேட்டின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

"இது சந்தையோடது இல்ல சார். நான் போட்டது. வெலையே இல்லாத நாளுக்கு நேத்து வெலையப் போட்டுட்டேன். அத எடுத்துட்டா இங்க ஒண்ணும் இல்ல."

கை மறைத்தாலும் படம் மறையவில்லை; சிவப்புக் கோடு அவருடைய புறங்கையின்மேல் ஏறி இறங்கியது. அவர் கையை எடுக்கவில்லை.