கட்டர் யார் கையில்

யுவராணிக்குப் போன வருஷமே முதுகலைப் பல் மருத்துவத்தில் சீட் கிடைத்தது. அவள் கேட்ட பிரிவு இல்லை. உடைந்த தாடையைத் திறந்து சேர்க்கும் அறுவைப் பிரிவு இல்லையென்றால் எதுவும் வேண்டாம் என்று உதறிவிட்டாள். பாளையம்பட்டியிலிருந்து தினமும் மில்லுக்குப் போய் வந்து மகளைப் படிக்கவைத்த அப்பா ரத்தினம் ஒரு வாரம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த பரீட்சைக்குள் கை பழகட்டும் என்று அருப்புக்கோட்டையில் டாக்டர் ஜெகதீஸ்வரனின் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள்.

கை பழக இதைவிடத் தோதான இடம் கிடையாது. இந்தக் கரிசல் காட்டில் வாரத்துக்கு இரண்டு தாடை உடையும். வரப்புச் சண்டை, பங்காளிச் சண்டை, டாஸ்மாக் வாசல் சண்டை. ஆனால் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் ஆண்கள் எல்லோரும் பைக்கிலிருந்து விழுந்தவர்கள், பெண்கள் எல்லோரும் மாடு முட்டியவர்கள். மாடே இல்லாத வீட்டுப் பெண்களையும் மாடு முட்டும். எழுதுகிற டாக்டருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும்.

பாண்டீஸ்வரனும் அப்படித்தான் பைக்கிலிருந்து விழுந்தான். திருச்சுழிப் பக்கம் லோடு வண்டி ஓட்டுகிறவன். உண்மையில் தன் தங்கச்சியைப் போட்டு மிதித்தான் என்று மச்சினன் வீரணன் வீல் ஸ்பேனரால் இழுத்த இழுப்பில் தாடை இரண்டு இடத்தில் விட்டிருந்தது. இரண்டு வீட்டாரும் பேசி முடித்துவிட்டுத்தான் கூட்டி வந்தார்கள். போலீஸ் கேஸ் என்றால் டாக்டர் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். விழுந்ததாகவே எழுதிவிடச் சொன்னார் ஜெகதீஸ்வரன். கூடவே, இந்தக் கேஸை முழுசாக நீயே செய் என்றும் சொன்னார். அந்தச் சந்தோஷத்தில் யுவராணி எதைச் சொல்லியிருந்தாலும் எழுதியிருப்பாள்.

மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பியால் முறுக்கிக் கட்டினாள். ஆறு வாரத்துக்கு வாய் திறக்காது. கஞ்சியும் சாறும் உறிஞ்சித்தான் குடிக்க வேண்டும். வாந்தி வந்தால் வெளியேற வழியில்லாமல் மூச்சடைத்துவிடும் என்பதால், கம்பி வெட்டும் கட்டர் ஒன்றைக் கூட இருப்பவரிடம் கொடுத்தனுப்புவது வழக்கம். மனைவி பேச்சி அதை வாங்கிச் சேலை மடிப்பில் செருகிக்கொண்டாள். அவள் உதட்டோரத்தில் பழைய தழும்பு இருந்ததை யுவராணி பார்த்தாள். பார்த்ததோடு சரி.

பதினைந்தாம் நாள் மத்தியானம் பேச்சியிடமிருந்து போன் வந்தது. குலசாமிக்குக் கிடா வெட்டியிருந்தார்கள். கறிதான் மெல்ல முடியாது, பிராந்தி உறிஞ்சலாமே என்று பங்காளிகள் ஊற்றிக் கொடுத்திருந்தார்கள். வாந்தி கம்பியில் முட்டி, மூக்கு வழியாகப் பீறிட, மண்ணைப் பிறாண்டிக்கொண்டு கிடந்தான் பாண்டீஸ்வரன்.

"கட்டர் எங்கக்கா?" என்றாள் யுவராணி.

"இடுப்புலதான் இருக்கு."

"எடுத்து அறுங்க. நட்டமா நிக்கிற கம்பி எல்லாத்தையும் அறுங்க."

அவன் தொண்டைக்குள் ஏதோ கொரகொரவென்று இழுப்பது மட்டும் கேட்டது.

"பதினஞ்சு நாளா நிம்மதியா இருக்கேன், டாக்டரம்மா," என்றாள் பேச்சி மெதுவாக. "அறுத்தா அவுக வாயத் தொறந்துருவாகல்ல?"

யுவராணி தொண்டை கிழியக் கத்தினாள். அப்போது அவள் நினைத்தது பேச்சியை அல்ல, அவனையும் அல்ல, செத்துப்போனால் தன் முதல் கேஸ் என்னாகும் என்பதை. பின்னால் அதை நினைத்து நினைத்துக் கூசினாள். அந்தப் பக்கம் கம்பி நறுக்கென்று விட்ட சத்தம் நான்கு முறை கேட்டது.

மூச்சு வந்ததும் பாண்டீஸ்வரன் செய்த முதல் வேலை, பொங்கல் அடுப்பிலிருந்து கருவேல விறகை உருவியது. கட்டரைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கையா பார்த்தாய் என்று கேட்டுக் கேட்டு அடித்தான். பங்காளிகள் பிடித்து இழுப்பதற்குள் நாலு அடி விழுந்துவிட்டது.

மறுநாள் காலை பேச்சியைக் கூட்டிக்கொண்டு அவனேதான் வந்தான். அறுந்த கம்பி நுனிகள் பல்லில் நீட்டிக்கொண்டிருக்க, மாடு முட்டிவிட்டது என்றான் கொழகொழவென்று. பேச்சியின் தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. கன்னத்தில் தீக்காயம்.

அவனை வெளியே நிறுத்திவிட்டு யுவராணி கேட்டாள். "எந்த மாடுக்கா?"

பேச்சியால் பேச முடியவில்லை. கையை மட்டும் தூக்கிக் கதவைக் காட்டினாள்.

அன்று நான் எழுதிய பொய்தான் இவளை உடைத்தது என்று யுவராணிக்குப் பட்டது. புருஷன் எரிகிற விறகால் அடித்தது என்று எழுதி, போலீசுக்கும் தகவல் அனுப்பிவிட்டுத்தான் ஜெகதீஸ்வரனிடம் சொன்னாள். அவருக்கு முகம் கறுத்தது. பரீட்சை நாளன்றே சம்மன் வந்தால் ஒரு வருஷம் போச்சு, தெரியுமா என்றார்.

"வரட்டும் சார். போறேன்," என்றாள்.

இரண்டாவது தாடையையும் அவளே கட்டினாள். முடித்துவிட்டுக் கதவைத் திறந்தபோது போலீஸ் இன்னும் வந்திருக்கவில்லை. கூட இருப்பவரிடம்தான் கட்டரைக் கொடுப்பார்கள் என்று தெரிந்த பாண்டீஸ்வரன் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

யுவராணி திரும்பிப் போய் அதைப் பேச்சியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.