ஐந்தாம் மூலைக் கல்

ஐங்கோணம் என்று யாராவது பேச்செடுத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் அதையே சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவள் நான். எங்கள் கிணறு ஒரு தொழிற்பேட்டை ரோட்டுக்கு அடியில் கிடக்கிறது. அது அங்கே போனதற்கு ஒரு தப்பான படம்தான் காரணம்.

ஆரம்பாக்கத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரே ஒரு கழனி. அதற்கு ஐந்து மூலை. ஐந்தாவது மூலை கிழக்கே முக்கோணமாக நீட்டிக்கொண்டிருக்கும், கிணறு இருந்தது அந்த நீட்டலில்தான். கிணறு இல்லையென்றால் மழையை நம்பி ஒரு போகம், அவ்வளவுதான். எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்பேட்டை வருகிறது என்று பேச்சு அடிபட்டதும், எது யார் நிலம் என்று அளக்க ஒரு சர்வேயர் வந்தார். நான் அப்போது பதினொன்றாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன்.

மூலைக்கு மூலை சர்வே கல் இருக்க வேண்டும். எங்கள் கழனியில் நாலுதான் இருந்தது. ஐந்தாவதை இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பாவே பிடுங்கி, துணி துவைக்கக் கிணற்றடியில் படுக்கப்போட்டுவிட்டார். ஊரில் பாதி வீட்டில் இதே கூத்துதான். நல்ல கருங்கல், சும்மா கிடைக்கிறது, விடுவார்களா? தலையில் செதுக்கிய கூட்டல் குறியைச் சேற்றுக்குள் திருப்பிவிட்டால் தீர்ந்தது. என் பாவாடை தாவணியெல்லாம் அதில் அடித்துத் துவைத்ததுதான். எனக்கும் அப்போது ஒன்றும் உறைக்கவில்லை என்பதுதான் இன்னும் எரிச்சல்.

சர்வேயர் நாலு கல்லையும் கோடு போட்டு இணைத்தார். கிழக்கு நீட்டல் கிணற்றோடு கோட்டுக்கு வெளியே போய்விட்டது. அதைப் புறம்போக்கு, சர்க்கார் நிலம் என்று எழுதினார். கிணறு வெட்டினது நாங்கள்தானே என்றால், புறம்போக்கில் கிணறு வெட்டாத ஆள் யார் என்றார். பழைய படத்தைக் கேட்டால், ஆபீஸில் கிடைக்கவில்லை என்றார்.

நான் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பாகைமானியையும் பேனாவையும் எடுத்து வந்தேன். "சார், நீங்க போட்டுகிறது நாற்கரம். எங்க கழனி ஐங்கோணம்."

"அளந்து பாரும்மா," என்று படத்தை நீட்டினார்.

நாலு கோணத்தையும் அளந்து கூட்டினேன். முன்னூற்று அறுபது.

"கணக்கு கரெக்டா கீதில்ல? அப்பால இன்னா?"

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. நாற்கரம் என்று எதைக் கிறுக்கினாலும் முன்னூற்று அறுபதுதான் வரும். அவருக்குக் காகிதம் சரியாக இருந்தால் போதும், மண் எப்படிப் போனால் என்ன? "காயிதத்துல இல்ல, கழனில அளங்க சார். அஞ்சு கோணம், ஐந்நூத்தி நாப்பது வரும்," என்றேன்.

"அஞ்சாவது கல்லு எங்க? காட்டு, மாத்திப் போட்டுர்றேன்." அவர் கேட்டதில் தப்பில்லை. பிறகு படத்தைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "ஆனா சர்க்கார் கல்ல யாராச்சும் புடுங்கிகினு போயிருந்தா கேஸு. இப்பவே சொல்லிட்டேன்."

நாங்கள் பேசிக்கொண்டிருந்தது கிணற்றடியில். நாலடி தள்ளி என் அம்மா அந்தக் கல்லின் மேல் ஈரத்துணியை அள்ளிப் போட்டு மூடிவிட்டு, முன்னால் மறைத்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் நின்ற அப்பாவின் காதருகே போனேன்.

"சொல்லிடு நைனா. கேஸு வந்தா வரட்டும். கெணறு போச்சுன்னா வராது."

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டில் அவர் குரல் உயர்ந்தால் அடுப்படியில் பாத்திரம் உருட்டக்கூட நாங்கள் பயப்படுவோம். கேஸு என்ற ஒரு வார்த்தைக்கு அந்த மனுஷன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"சின்னப் பொண்ணு சார், படிச்ச திமிருல பேசுது. எங்க கழனிக்கு எப்பவுமே நாலு மூலதான்."

அந்தக் கிணற்றை இடுப்பளவு சேற்றில் நின்று வெட்டியவரே அவர்தான்.

சர்வேயர் படத்தை விரித்து, கையெழுத்துப் போட இடம் காட்டினார். அப்பாவிடம் பேனா இல்லை. என்னைப் பார்க்காமலே கையை நீட்டினார். கத்தியிருக்கலாம். அம்மாவைத் தள்ளிவிட்டுக் கல்லைப் புரட்டிக் காட்டியிருக்கலாம். மூடியைக் கழற்றி, பேனாவை அவர் கையில் கொடுத்தேன்.