பாலம் தாண்டக் கூடாத தலைவி

கோயிலில் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை வளர்க்கிற வேலை இருக்கிறதே, அதில் பிள்ளைகளால் ஒரு தொந்தரவும் கிடையாது. பெரியவர்களைச் சமாளிப்பதற்குள்தான் பிராணன் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு எங்கேயாவது இப்படி வகுப்பு எடுத்து நொந்துபோனவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்குத்தான் சொல்கிறேன். மற்றவர்களுக்குப் புரியாது.

நான் மராத்திக்காரர்கள் ஊரான கட்கியில் ஓர் ஆபீசில் டைப்பிஸ்ட். தொண்ணூறுகளின் நடுவிலிருந்து ஒன்பது வருஷம் எங்கள் அம்மன் கோயில் ஹாலில் 'இளைஞர் வழிகாட்டி'யாக இருந்தேன். பட்டம் பெரிசு. பதிமூன்றிலிருந்து பதினேழு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகளை ஆளுக்கு எட்டுப் பேராகப் பிரித்துக் கொடுப்பார்கள். அவர்களுக்குப் பக்தியும் தைரியமும் ஊட்டி, நாலு பேருக்குத் தலைமை தாங்குகிறவர்களாக ஆக்க வேண்டும். கமிட்டி அடித்த நோட்டீஸில் அப்படித்தான் போட்டிருந்தது.

பீரோவில் இருந்த மைக்

முதல் பாடம், கூட்டத்தில் பயப்படாமல் பேசுவது. என்னுடைய எட்டும் கட்கியிலேயே பிறந்தவை. வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, ஸ்கூலில் ஹிந்தி என்று மூன்றையும் கலந்தடித்து நாளெல்லாம் வாய் ஓயாது. எழுந்து நின்று பேசு என்றால் மட்டும் ஊமையாகிவிடும். சரி, மைக்கைக் கையில் கொடுத்துப் பழக்கலாம் என்று செகரட்டரியிடம் போனேன்.

செகரட்டரி என்றால் தனபால் மாமா. கசார்வாடியில் ஒரு ஒர்க்ஷாப்பில் ஃபோர்மேன். கோயில் சாவிக்கொத்து எப்போதும் அவர் இடுப்பில். மைக் பீரோவில் இருக்கிறது, திருவிழாவுக்குத்தான் வெளியே வரும் என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். நாலு வாரம் நடையாய் நடந்தேன். அதுவரைக்கும் என் பிள்ளைகள் மடப்பள்ளிக் கரண்டியை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு 'பெரியோர்களே தாய்மார்களே' என்று பழகிக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாவது வாரம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேசக் கற்றுக்கொடு என்று என்னைக் கூப்பிட்டது நீங்கள், மைக்கைப் பூட்டி வைத்திருப்பதும் நீங்கள், இது என்ன நியாயம் என்று கேட்டுவிட்டேன். மாமா கோபப்படவே இல்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்.

"பசங்க கைல மைக்கக் குடுத்தா அப்பறம் பேசிடுவாங்கம்மா."

கூழ் ஊற்றிய ஞாயிறு

என் எட்டில் ஒருத்தி ரேவதி. அப்பா நடேசன் வெடிமருந்து ஃபேக்டரியில் தொழிலாளி. அவளுக்கு அப்போது பதினாறு வயசு இருக்கும். கரண்டி மைக்கில் முதலில் வாயைத் திறந்தவள் அவள்தான்.

அந்த வருஷம் ஆடி ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றும்போது மழை பிடித்துக்கொண்டது. வரிசையில் நின்ற ஜனம் மொத்தமும் பந்தலுக்குள் பாய்ந்தது. நம் ஆட்கள் மட்டுமில்லை, பக்கத்துத் தெரு மராத்திக்காரர்களும் பாத்திரத்தோடு வந்திருந்தார்கள். கொதிக்கிற அண்டாவுக்கு அரை அடி தூரத்தில் குழந்தைகள். கமிட்டி ஆட்கள் அவரவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் ஒதுங்கிவிட்டார்கள். ரேவதி ஒரு பெஞ்சு மேல் ஏறினாள். தமிழில் ஒரு தடவை, மராத்தியில் ஒரு தடவை, ஹிந்தியில் ஒரு தடவை சத்தம் போட்டாள். குழந்தைகள் எல்லாம் இந்தப் பக்கம், வயசானவர்களுக்கு உட்கார்ந்த இடத்திலேயே வரும், மற்றவர்கள் அந்தச் சுவர் ஓரம் என்று பத்தே நிமிஷத்தில் பிரித்துவிட்டாள். ஒரு குழந்தைக்குக் கூட ஒரு சொட்டுக் கூழ் தெறிக்கவில்லை.

சாயங்காலம் சிறந்த இளந்தலைவர் என்று ஒரு கோப்பை கொடுத்தார்கள். யாருக்கு? தனபால் மாமாவின் தங்கை மகன் சுரேஷுக்கு. பாவம், நல்ல பையன். அன்றைக்கு முழுக்க வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் ரேவதியிடம் "விடும்மா, ஆத்தாவுக்குத் தெரியும்" என்று ஒரு சமாதானம் சொல்லி வைத்தேன். அப்போது சுரேஷ் கோப்பையை இடுக்கிக்கொண்டு என்னிடமே வந்தான்.

"அக்கா, எனக்கு எதுக்கு இத குடுத்தாங்க?"

நான் வாங்கிக் கொடுத்த கௌரவம்

அடுத்த வருஷம் விடக்கூடாது என்று கமிட்டியில் சண்டை போட்டேன். திருவிழா பத்து நாளைக்குக் காப்புக் கட்டுகிறவர்களில் இளைஞர் சார்பாக ஒருத்தர் உண்டு. மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கு கட்டி மணிக்கட்டில் கட்டுவார்கள். வரிசை, பால்குடம், கூழ் எல்லாவற்றுக்கும் பிள்ளைகள் அவர் சொன்னபடிதான் கேட்க வேண்டும். அதுவரை பையன்களுக்கு மட்டும்தான் கட்டினார்கள். ரேவதிக்குக் கட்டாவிட்டால் நான் வகுப்பே எடுக்க மாட்டேன் என்று நின்றேன். முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை காப்புக் கட்டியபோது என்னவோ நானே ஜெயித்த மாதிரி கைதட்டினேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் ரேவதி ஒரு லெட்டரோடு வந்தாள். பன்னிரண்டாவது முடித்துவிட்டு நிக்டியில் ஒரு கம்பெனியின் பயிற்சி நிலையத்துக்கு மனுப் போட்டிருந்தாள். இரண்டு வருஷப் பயிற்சி, அதற்கப்புறம் அங்கேயே வேலை. அந்த வியாழக்கிழமை காலையில் இன்டர்வியூ. வராவிட்டால் சீட் கிடையாது என்று அச்சடித்திருந்தது. இது போய்விட்டால் தை மாசம் குடியாத்தத்தில் இருக்கிற தாய்மாமனுக்குக் கட்டிவிடுவது என்று வீட்டில் ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். அந்த மாமாவுக்கு வயசு முப்பத்து நாலு.

காப்புக் கட்டினவர்கள் கயிறு அவிழ்க்கும் வரை எல்லை தாண்டக் கூடாது. எங்கள் கோயிலுக்கு எல்லை முளா ஆற்றுப் பாலம். நிக்டியோ பாலத்துக்கு அந்தப் பக்கம். வருஷா வருஷம் பார்க்கிற சம்பிரதாயம்தான், எனக்குத் தெரியாதா? தெரியும். கட்டுவதற்கு முன்னால் அவளை ஒரு வார்த்தை, ஏதாவது வெளியே போகிற வேலை இருக்கிறதா என்று கேட்டேனா? கேட்கவில்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. நடேசன் அண்ணனைப் பார்க்கப் போனேன். ரேவதியின் அம்மா அம்மை போட்டுப் பிழைத்தவள். அதிலிருந்து ஆத்தா பெயரைச் சொன்னாலே நடேசன் அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

"நீ கௌரவம்னு கட்டி வுட்டுட்ட, இப்ப நான் ஆத்தாக்கு இன்னா பதில் சொல்றது?"

ட்யூட்டி

செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடியது. ஒரு காலை, நாலு மணி நேரம், போய்விட்டு வரட்டும் என்று கெஞ்சினேன். முடியாது, ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் கோயிலுக்குக் கெட்ட பெயர் என்றார்கள். எதிரே ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேர் கையில் காப்பு. அதில் ஒன்று தனபால் மாமாவின் கை. அந்தக் கையோடு அன்றைக்குக் காலையில்தான் பாலம் தாண்டிக் கசார்வாடி போய்விட்டு வந்திருக்கிறார்!

அதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. ஃபேக்டரி ஆட்கள் கோயில் கட்டின காலத்திலேயே, ட்யூட்டிக்குப் போவது எல்லை தாண்டுவதாகாது என்று கற்பூரம் ஏற்றி ஆத்தாவிடம் உத்தரவு வாங்கிவிட்டார்களாம். நியாயம்தான், லீவ் கிடைக்காதே. அதுவரை சுவரோரம் நின்ற ரேவதி முன்னால் வந்தாள். அவளுடைய தமிழ் உடைந்த தமிழ்தான், ஆனால் குரல் உடையவில்லை. "மாமா, நீங்க ட்யூட்டிக்குப் போனா ஆத்தா ஒண்ணும் சொல்லாது. நான் அந்த ட்யூட்டி கிடைக்கிறதுக்குத்தான் போறேன். எனக்கு மட்டும் ஏன் சொல்லும்?" என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். தனபால் மாமா அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா வசந்தா, ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம இதத்தான் சொல்லித் தர்றியா?"

நிக்டி பஸ்

ஆமாம், இதைத்தான் சொல்லித் தருகிறேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அன்றைக்கு மறுத்துப் பேசினால் ஹாலைப் பூட்டிவிடுவார்கள், மற்ற ஏழு பிள்ளைகள் என்ன ஆகும் என்று எனக்குள்ளேயே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். புதன்கிழமை ரேவதியைத் தனியாகக் கூப்பிட்டு, சந்நிதியில் வைத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போய்விடேன் என்று புத்திசாலித்தனமாக ஒரு யோசனை சொன்னேன். அவள் கேட்கவில்லை. கட்டினதைப் பாதியில் அவிழ்த்தால்தான் தப்பு, நான் ஆத்தாவிடம் சொல்லிவிட்டுக் காப்போடேதான் போகிறேன் என்றாள்.

வியாழக்கிழமை விடிந்ததும் கற்பூரம் ஏற்றிவிட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். நடேசன் அண்ணன் அவளை நிறுத்தத்தான் பின்னாலேயே போனார். பஸ் வந்ததும் என்ன தோன்றியதோ, அவரும் ஏறிவிட்டார். இன்டர்வியூவில் ஒரு மராத்தி ஆபீசர் கையில் என்ன கயிறு என்று கேட்டிருக்கிறார். எங்கள் கோயிலில் இந்த வருஷம் இருநூறு முன்னூறு பேர் வரிசையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன், சாயங்காலத்துக்குள் திரும்ப வேண்டும் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அதற்கப்புறம் அரை மணி நேரம் அந்த வரிசையைப் பற்றித்தான் கேட்டாராம். மூன்று மணிக்கெல்லாம் திரும்பி வந்து பால்குடத்துக்குப் பெண்களை நிற்கவைத்துக்கொண்டிருந்தாள். நடேசன் அண்ணன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"பாலம் வந்ததும் கண்ண மூடிக்கினேன் வசந்தா, தொறந்து பாத்தா பஸ்ஸு அக்கரைல தாபோடிய தாண்டிப் போயிருந்தது, ஒண்ணுமே ஆவல."

ஃப்ளெக்ஸ் போர்டு

அன்றைக்கே கமிட்டி அவளை விலக்கிவிட்டது. சுரேஷ் கையில் புதுசாகக் கயிறு கட்டினார்கள். அவன் மிச்ச நாள் முழுக்க எதை எப்படிச் செய்வது என்று அவளிடமே கேட்டுக் கேட்டுச் செய்தான். அடுத்த மாசம் அவளுக்கு சீட் கிடைத்தது. குடியாத்தத்துப் பேச்சு நின்றது. கோயில் பக்கம் அவள் வருவதும் நின்றது.

ஏழெட்டு வருஷம் கழித்து, ஒரு ஆடிக்கு கோயில் வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ் போர்டு. நடுவில் ரேவதி படம். அவள் அப்போது நிக்டியில் சூப்பர்வைசர், கீழே நாற்பது பேர் வேலை செய்தார்கள். 'எங்கள் இளைஞர் திட்டம் உருவாக்கிய தலைவி' என்று எழுதி, ஓரத்தில் தனபால் மாமா கைகூப்பிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் துணியைக் கிழித்திருப்பேன். உருவாக்கினார்களாம்! அவளைச் சிறப்பு விருந்தினராக வேறு கூப்பிட்டிருந்தார்கள். வந்தாள், அழகாகப் பேசினாள், ஆத்தாவுக்கும் அப்பாவுக்கும் நன்றி சொன்னாள். கமிட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

சாப்பாடு முடிந்து குழாயடியில் கை கழுவும்போது, அவர்களை நாலு கேள்வி கேட்டிருக்கக் கூடாதா என்று நான் பொரிந்து தள்ளினேன். துண்டில் கை துடைத்தபடி முழுசாகக் கேட்டாள். பிறகு கோபமே இல்லாமல், ரொம்ப நாளாக வைத்திருந்த சந்தேகத்தைக் கேட்பது போல என்னைக் கேட்டாள்.

"அக்கா, அன்னிக்கு கமிட்டில மாமா உங்களக் கேட்டப்ப நீங்க ஏன் ஒண்ணுமே பேசல?"

ஒன்பது வருஷம் கட்கிப் பிள்ளைகளுக்கு நான் தைரியம் சொல்லிக்கொடுத்ததில், கடைசி வரைக்கும் பாஸாகாமல் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் நான்தான்.